அஞ்சு மணிச் சுண்டல்

தேனியில் புதுசாக ஒரு பெரிய ஹோட்டல் வந்திருக்கிறது. மாடியில் பார். பக்கத்து வீட்டுச் செல்வி அங்கேதான் அடுப்படியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வந்து உட்கார்ந்தவள், "பெரியம்மா, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ஹேப்பி ஹவராம். ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா, மசாலாக் கடலையும் சும்மா. அப்பயும் நாற்காலி காத்தாடுது. மேனேஜர் எங்கள வையிறாரு. நீங்க அந்தக் காலத்துலயே இப்பிடி ஒண்ணு நடத்துனீகளாம்ல, கூட்டம் அம்முமாம்ல. எப்பிடின்னு எழுதிக் குடுங்க" என்றாள்.

நடத்தினது நான் இல்லை. நான் சுண்டல் போட்டேன். ஆனால் கூட்டம் அம்மினது நிசம்.

வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் இந்த வயசிலும் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. இருந்தாலும் எழுதுவது தேவலை. எழுதும்போது யாரும் என் மூஞ்சியைப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் காட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தபோது எனக்கு இருபத்தாறு வயசு. பிள்ளை இல்லை. கல்யாணச் சமையல்காரர் ஒருத்தரிடம் கையாளாகச் சேர்ந்து வருசக்கணக்காகத் தேங்காய் துருவினேன், பயறு அவித்தேன், அண்டா கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது தாண்டி ஊர் ஊருக்குச் சாராயக்கடை திறந்தார்கள். கம்பத்துக்கு முந்தி, ரோடு பிரிகிற ஒரு விலக்கில் கடையை ஏலம் எடுத்தவர், தொட்டுக்கொள்ளப் பலகாரம் போட ஒரு பொம்பளை வேணும் என்று எங்கள் சமையல்காரரிடம் கேட்டார். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

சாராயக்கடை என்றதும் நான் அழுதேன். ஆனால் முகூர்த்தம் இல்லாத மாசங்களில் கஞ்சிக்கு வழியில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன், அதுவும் சமையல்காரர் மூலமாக. "மூஞ்சி தெரியாம இருக்குறாப்புல இடம் குடுத்தா வாரேன்." முதலாளி ஒத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் தகரத்தில் தடுப்பு அடித்து, அதில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓட்டை வெட்டிக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஆம்பளைகள், இந்தப் பக்கம் நானும் அடுப்பும். ஆறு வருசம் அங்கேதான் இருந்தேன். குடிக்க வந்த ஒருத்தர் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. கைகள்தான் தெரியும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாராயம் விற்கிறவர் என்றால் மீசையும் உறுமலுமாக இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கோயில் பூசாரி மாதிரி இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வருசம் தவறாமல் வீரபாண்டித் திருவிழாவுக்கு விரதம் இருந்து அக்கினிச்சட்டி எடுப்பார். ஒரு சொட்டுக் குடித்ததில்லை. யாரையும் ஏலே என்றதில்லை. என்னைத் தாயி என்பார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தோள் துண்டை எடுத்து மடிப்பார். மடித்து முடிக்கிற வரைக்கும் பதிலுக்குக் காத்திருப்பார். அதற்குள் எப்படியும் நமக்கு வாய் திறந்துவிடும்.

அஞ்சு மணிச் சுண்டல் அவர் யோசனை. முதல் நாளே எனக்கு விளக்கினார். "தாயி, வேலை முடிச்சு வாரவன் வீட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு தின்னுட்டான்னா திரும்ப வரமாட்டான். பிள்ளை மடியில ஏறிக்கிரும். வயிறு காலியா இருக்கப்ப, இந்த விலக்குல பஸ்ஸும் ஜீப்பும் இறக்கி விடுதுல்ல, அங்கன வச்சே பிடிக்கணும். அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு கிளாசுக்கு ஒரு இலைச் சுண்டல் சும்மா."

அதற்கு அவர் வைத்த முறை ஒவ்வொன்றும் எனக்கு மறக்கவில்லை. மொச்சை ஒரு நாள், கொண்டைக்கடலை ஒரு நாள், தட்டாம்பயறு ஒரு நாள். உப்பை இரண்டு தடவை போட வேண்டும். வேகும்போது பாதி, அது பயறுக்குள்ளே போகும். தாளித்த பிறகு மீதி, அது நாக்கில் நிற்கும். தேங்காய் கூடாது. தேங்காய் வயிற்றைக் குளிர வைத்துவிடும். வரமிளகாய் தாராளமாக. தாளிப்பை ஒரே தடவையாகச் செய்யக் கூடாது. அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது ஒன்று, அஞ்சேகாலுக்கு ஒன்று, அஞ்சரைக்கு ஒன்று. மேற்கே இருந்து வருகிற காற்று அந்த வாசனையை நேரே ரோட்டுக்குக் கொண்டுபோகும். இலையை உள்ளங்கை அகலத்துக்குத்தான் நறுக்க வேண்டும். சின்ன இலையில் கொஞ்சம் வைத்தாலும் நிறைந்து தெரியும்.

நாலரைக்கு முதலாளி வந்து, ருசி பார்க்க முன்கூட்டியே தாளித்து வைத்த ஒரு பிடியிலிருந்து மூன்றே மூன்று பயறை வாயில் போட்டு மென்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் ரோடு வரைக்கும் நடந்து திரும்பி வருவார். வந்ததும் நாக்கு வறண்டிருந்தால் தலையை ஆட்டுவார். வறளாவிட்டால், "இன்னுங் கொஞ்சம் தாயி" என்பார். அவ்வளவுதான். ஆறு மணிக்குப் பெட்ரமாக்ஸ் விளக்கை ஏற்றிக் கொக்கியில் மாட்டினால் இனாம் முடிந்தது. சில நாள் வேண்டுமென்றே அஞ்சு நிமிசம் முந்தி ஏற்றச் சொல்வார். ஏமாந்தவன் மறுநாள் ஓடி வருவான்.

ஓடித்தான் வந்தார்கள். பக்கத்து ஊர்க் கடை ஈ ஓட்டியது. சந்தோசமாகவும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். "ஆத்தா கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது சொல்வார்கள். என் சமையலை அதுவரைக்கும் யாரும் மெச்சிச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் பேர் எல்லாம் சமையல்காரருக்குத்தான்.

ஆரம்பத்தில் கிளாசுக்கு ஒரு கலர் சோடா பாட்டில் மூடி கொடுப்பார்கள். அந்த மூடியை ஓட்டை வழியாக நீட்டினால் நான் ஒரு இலை கொடுப்பேன். பேச வேண்டியதே இல்லை. மூடி இல்லாமல் கை நீட்டினால் கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவேன். புரிந்துகொள்வார்கள்.

கையைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். ஏலக்காய்க் காட்டுக் கை கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். கரும்பு வெட்டுகிற கை முழுக்கக் கீறல். அதில் ஒன்று நீலக் கை. திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் கொடிக்கு அடிப்பார்கள், அந்த மருந்து ஏறின கை. நகக்கண், ரேகை எல்லாம் நீலம். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும்.

அந்தக் கை வந்தால் அந்தப் பக்கம் ஒரே கேலி.

"கிருஷ்ண பரமாத்மா வந்துட்டாருடோய். வெண்ணெய் தீந்துபோச்சாம், மொச்சைக்கு வந்துட்டாரு."

"ஏலே சுருளி, உன் கையக் கண்டா பூச்சி சாகுதோ இல்லையோ, உன் பொண்டாட்டி பயந்து ஓடிருவாடா."

சுருளி என்கிற பேர் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் பதில் பேசிக் கேட்டதில்லை. அவருடைய சிநேகிதர் தங்கராசு என்று ஒரு கிழவர். அவருக்குப் பல் இல்லை. "எனக்கெதுக்குடா மொச்சை, ஈறால கடிக்கவா? இந்தா மூடி, நீ போயித் தின்னு" என்று தன் மூடியைச் சுருளியிடம் கொடுத்துவிடுவார். சுருளி குடிப்பதில்லை. அந்த ஒரு இலைக்காகத் தோட்டத்திலிருந்து நேரே வருவார். இலையை வாங்கும்போது விரல் நடுங்கும். அது பசி நடுக்கம், எனக்குத் தெரியும். நானும் அப்படி நடுங்கியிருக்கிறேன். அந்தக் கைக்கு மட்டும் கொஞ்சம் பெரிய இலையாக எடுத்து, கும்பாரமாக வைத்துக் கொடுப்பேன்.

ஒரு நாள் முதலாளி அடுப்படியில் நின்றபோது அந்தக் கை வந்தது. என் கை பழக்கத்தில் அள்ளி வைத்துவிட்டது.

"அதென்ன தாயி, அந்த இலை மட்டும் மலையாட்டம் இருக்கு?"

துண்டை மடிக்க ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன். இரக்கப்படுவார் என்று நினைத்தேன். விரதம் இருக்கிறவர்.

"அவரு குடிக்கமாட்டாருங்கய்யா. பாவம், பசிக்குத்தான் வாராரு. தங்கராசுப் பெரியவரு மூடியக் குடுப்பாரு."

"அப்பிடியா தாயி" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மூடி இல்லை. கல்லாவில் ஒரு ரப்பர் முத்திரையும் ஊதா மையும் வந்திருந்தன. கல்லாவுக்கு முன்னால் நின்று கிளாசைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டினால் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். முந்தின நாள் முத்திரையோடு வந்து ஏமாற்றக் கூடாது என்று தினம் ஒரு இடம். இன்றைக்கு மணிக்கட்டு, நாளைக்குக் கட்டைவிரல் மேடு. எனக்கு நாலரைக்கே சொல்லிவிடுவார். இலை கொடுத்ததும் நான் ஈர்க்குச்சியால் அந்த முத்திரை மேல் சுண்ணாம்பு ஒரு பொட்டு வைத்துக் கணக்கை அடித்துவிட வேண்டும்.

"திங்கிறவன் ஒருத்தன், குடிக்கிறவன் ஒருத்தன்னா கடை நடக்காது தாயி. நல்லவேளை நீ சொன்னே" என்றார்.

நாலு நாள் நீலக் கை வரவில்லை. அஞ்சாம் நாள் வந்தது. நீலத்து மேல் ஊதா முத்திரை. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "பரமாத்மா தீர்த்தம் சாப்பிட்டுட்டாருடோய்!" இருமல் சத்தம் கேட்டது. நான் இலையை நிறைத்துக் கொடுத்து, சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது.

ஆறேழு மாசம் கழித்து ஒரு மத்தியானம், அடுப்படியின் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னைவிட ரொம்பச் சின்னவள்.

"மதினி, நான் சுருளி வீட்டுக்காரி. பேச்சி. ஒங்கள வையிறதுக்கு வரல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவுக முன்னாடி தொடமாட்டாக மதினி. இங்கன பயறத் தின்னுட்டு வந்து, எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு, என் சோத்தப் பிள்ளைகளுக்குப் போடும்பாக. மூணு பிள்ளைக. அந்தச் சோறுதான் அதுகளுக்கு ராத்திரிக்கு. இப்ப வந்து நெலைப்படியிலயே விழுகுறாக. என்ன பேசுறோம்னு தெரியல."

பிள்ளை அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க நிறைய வச்சுக் குடுக்குறீகளாம்ல. அவுகளே சொல்லுவாக, அந்த ஆத்தா மனசு பெருசுன்னு. கொறைச்சுக் குடுங்க மதினி. பாதி வயித்தோட இருந்தா சோத்துக்கு வீட்டத் தேடி வருவாக."

அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. அன்றைக்கே இலையைப் பாதியாகக் குறைத்தேன். நீலக் கை ஒரு நிமிசம் இலையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பிறகு போனது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. கையில் இரண்டாவது முத்திரை. இன்னொரு கிளாஸ் குடித்துவிட்டு இன்னொரு பாதி இலைக்கு வந்திருக்கிறார்.

மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பினேன். பிரயோசனம் இல்லை. இரண்டு முத்திரை இரண்டாகவே நின்றது. ஆடி மாசத்தில் மூன்றானது. சுண்ணாம்புப் பொட்டை நான்தானே வைத்தேன், கணக்கு எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

முதலாளியிடம் ஒரு தடவை கேட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நானாகப் பேசினது அது ஒன்றுதான். "ஐயா, அந்தத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் முத்திரை இல்லாமயே ஒரு இலை குடுத்துரவா? என் கூலியில கழிச்சுக்கங்க."

"இப்ப அவன் சுண்டலுக்கா வாரான் தாயி?" என்றார், மெதுவாக. துண்டை மடித்தார். முழுசாக மடித்து முடித்தார். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

அந்த வருசம் கொடியை நறுக்கிவிடுகிற கவாத்துச் சமயத்தில் சுருளிக்குத் தோட்டத்து வேலை போய்விட்டது. கை நடுங்கி, காய்க்கிற கண்ணை விட்டுவைக்காமல் ஒரு பந்தல் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டாராம். அந்தப் பக்கம் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். கையில் நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. முதலில் உள்ளங்கை, பிறகு ரேகை, கடைசியில் நகக்கண். அதற்குப் பிறகு கை வரவும் இல்லை.

பல நாள் கழித்து, அஞ்சரைத் தாளிப்பு இறக்கின நேரம். நல்ல கூட்டம். கை மேல் கை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முத்திரை மணிக்கட்டில். வருகிற கையைப் பார்ப்பது, இலையை வைப்பது, சுண்ணாம்பைத் தொடுவது, அடுத்த கை. அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு கை வந்தது. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. நான் கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கை போகவில்லை. மெல்லத் திரும்பி உள்ளங்கையைக் காட்டியது. சுத்தமாக வெளுத்த கை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது.

"ஆத்தா, இன்னைக்கிக் குடிக்கல. குடிக்கவும் மாட்டேன். ஒரே ஒரு வாய் குடு."

அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

முதலாளி அங்கே இல்லை. கல்லாவில் இருந்தார், தடுப்புக்கு அப்பால். என்னை யாரும் பார்க்கவில்லை. சட்டி நிறையப் பயறு, கரண்டி என் கையில். பயம் என்று சொல்லலாம், கண்டுபிடித்தால் வேலை போய்விடும் என்று. ஆனால் அந்த நிமிசம் நான் வேலையை நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. முத்திரை இல்லாத கைக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். திரும்பவும் இரண்டு தட்டு.

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பின்னால் நின்றவர், "ஏய், நகருய்யா, விளக்கப் பத்த வச்சிரப் போறாக" என்றார். கை போய்விட்டது. அந்த இடத்தில் வேறு கை வந்தது. முத்திரை இருந்தது. இலையைக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சுருளி வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. குமுளிக்குப் போகிற லாரியில் ஏறினதைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார். வாய்க்கால் கரையில் நடந்து போனார் என்று இன்னொருத்தர். மலைக்கு மேலே தெரிந்த எஸ்டேட்டுகளில் எல்லாம் ஆள் விட்டுத் தேடினார்கள். உயிரோடு இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

நாலாம் நாள் பேச்சி பின்வாசலுக்கு வந்தாள். தலை வாரவில்லை. இடுப்பில் அதே பிள்ளை.

"மதினி, அன்னைக்குக் காலையில என்கிட்டச் சத்தியம் பண்ணிட்டுப் போனாக, இனிமே தொடமாட்டேன்னு. மயிலாடும்பாறைப் பக்கம் வேலை இருக்காம், கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாக. சாயங்காலம் இந்த விலக்குல நின்னதப் பாத்தேன்னு தங்கராசுப் பெரியப்பா சொல்றாரு. இங்கன வந்தாகளா?"

நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"மூஞ்சிய நான் பாக்குறதில்லையே பேச்சி. தகரத்துக்குப் பின்னாடிதான இருக்கேன்."

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுளுவாக வாயில் வந்தது.

அவள் நிலையில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்திருக்கமாட்டாக மதினி. வந்திருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வாய் குடுக்காம அனுப்பியிருக்கமாட்டீக."

மணி நாலுதான் ஆகியிருந்தது. முதலாளி இன்னும் ருசி பார்க்கவில்லை. நான் ஒரு முழு இலையை அப்படியே விரித்து, சட்டியிலிருந்து அள்ளி அள்ளி வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கி மடித்து மடியில் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு ஆகும் என்றாள். நல்லா இருங்க மதினி என்று சொல்லிவிட்டுப் போனாள்.